குளிர் எட்டாத உடம்பு

எங்கள் ஊர்ப் பெண்கள் ஏரியில் இறால் தடவப் போகும்போது பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு போவார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. சேற்றுக்குள் இறாலைத் தேட இரண்டு கையும் வேண்டும். அதனால் பறியின் கயிற்றைப் பிடிக்க வாயை விட்டால் வேறு வழியில்லை. மண்டியிட்டுத் தவழ்ந்து போனால் தண்ணீர் கழுத்து வரைக்கும் நிற்கும். மார்கழி, தை மாதத்து வாடைக் காற்றில் எவ்வளவு நேரம் அப்படி இருக்கலாம் என்பதற்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பல் தந்தியடிக்கத் தொடங்கினால் கயிறு வாயிலிருந்து நழுவும். கயிறு நழுவியவள் கரையேறிவிட வேண்டும். நாலு பக்கமும் ஏரி சூழ்ந்த எங்கள் பசியாவரத்தில் எந்தப் பெண்ணும் இதை இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் கயிறு நழுவவே நழுவாது.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் கல்யாணமாகி வந்த சமயத்தில் நான் தையல் பழகிக்கொண்டிருந்தேன். நெடுநெடுவென்று வளர்த்தி, அகலமான பாதம், பேசும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்ளும் பழக்கம். மற்றவர்கள் கரையில் சவுக்குச் சுள்ளியைக் கொளுத்தி, சுற்றி உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் தலை மட்டும் ஏரிக்கு நடுவில் கறுப்பாகத் தெரியும். கூப்பிட்டால் வாயில் கயிறோடு தலையை மட்டும் ஆட்டுவாள். எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்த பிறகு, ஈரப் புடவையோடு தெரு முழுக்கத் தண்ணீர் சொட்ட, நிறைந்த பறியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"அக்கா, புடவையை மாத்திக்கோக்கா. குளுரலையா?"

"குளுராவது மண்ணாவது!"

இதுதான் அவள் எப்போதும் சொல்வது. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கரையில் நடுங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால், "இன்னா, சாமி வந்துட்ச்சா எல்லாருக்கும்?" என்று கிண்டல் வேறு.

ஊர் அவளைப் புகழ்ந்தது. எருமைத் தோல் என்றார்கள், கங்கையம்மன் கொடுத்த வரம் என்றார்கள். இறால் எடுக்க வரும் ஏஜெண்ட் அவள் பறிக்காகவே தராசை மூட்டை கட்டாமல் காத்திருப்பான். அவள் புருஷன் கெட்டவன் இல்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறி ஏறி, ஏரிக்குள் மீன் வரத்துக் குறைந்துபோன காலம். அவன் வலையில் விழுந்ததைவிட இவள் பறியில் விழுந்ததுதான் அந்த வீட்டில் உலை வைத்தது. அவனும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். எனக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் எரிச்சலாக வரும். ஒருத்தியால் முடிகிறது என்று தெரிந்துவிட்டால், அவளுக்கு முடியாமல் போகும் நாளைப் பற்றி யாரும் நினைக்கவே மாட்டார்கள்.

தையல்காரிக்கு ஆட்களின் உடம்பு பேசும். அளவு எடுக்கும்போது என் கை பட்டால் குளிர்காலத்தில் எந்தப் பெண்ணும் "ஏய், சில்லுன்னு கீதுடி" என்று தோளைக் குறுக்கிக்கொள்வாள். கைமுடி குத்திட்டு நிற்கும். இவளுக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்து தொட்டிருக்கிறேன். தோல் அசையாது. சுவரைத் தொட்ட மாதிரி இருக்கும். கதகதப்பான சுவர் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அக்கரையிலிருந்து வரும்போது பெப்பர்மிண்ட் மிட்டாய் வாங்கி வருவேன். ஒருநாள் ஒன்றை அவள் வாயில் போட்டுவிட்டு, "மேல ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாருக்கா, தொண்டை வரைக்கும் சில்லுன்னு போவும்" என்றேன். குடித்தாள். மிட்டாயை நாக்கில் புரட்டிப் பார்த்தாள்.

"இனிப்பா கீது."

"சில்லுன்னு இல்ல?"

"இன்னாடி சில்லு? எல்லாரும் சில்லு சில்லுங்கிறீங்க. இனிப்பு, கொஞ்சம் எரிச்சல். அவ்ளோதான்."

விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். இதே அவள், டீ சுட்டால் ஊதி ஊதித்தான் குடிப்பாள். சித்திரை வெயிலில் மணல் காலைச் சுட்டால் குதித்துக்கொண்டு ஓடுவாள்.

ஐஸ் பெட்டி விஷயத்தில்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. இறாலை ஐஸ் போட்டு அடுக்கும் இடத்தில் பையன்கள் பந்தயம் கட்டினார்கள். கைக்குள் ஐஸ் கட்டியை யார் அதிக நேரம் மூடி வைத்திருப்பது என்று. ஒவ்வொருவனாகக் கையை உதறிவிட்டு ஓடினான். அவள் மூடிய கையோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நின்றாள். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் உள்ளங்கை வெளுத்து, கொப்புளம் கட்டியிருந்தது. மருந்து தடவிவிடச் சொல்லி வந்தவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, குளுருன்னா வலியா?"

"வலி இல்லக்கா. குளுருன்னா குளுரு. எப்டி சொல்றது..."

"கடைசில குத்துற மாதிரி வலிச்சுது. அதான் குளுருன்னு நெனச்சேன்."

பிறவியிலேயே கண் தெரியாதவருக்குச் சிவப்பை எப்படிச் சொல்வது? அன்றைக்குத்தான் இவள் பொறுத்துக்கொள்கிறவள் இல்லை, இவளுக்குத் தெரியவே தெரியாது என்று புரிந்தது. புரிந்ததை அம்மாவிடம் சொன்னேன். "குடுத்து வச்சவ" என்றாள் அம்மா.

குடுத்து வைத்தது எதுவென்று அவளுக்குப் பெண் பிறந்த மார்கழியில் தெரிந்தது.

பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மற்ற வீடுகளில் பச்சைக் குழந்தையைத் துணிக்குள் சுருட்டி, காதை மூடி, ஜன்னலை அடைத்து வைப்பார்கள். இவளுக்கு அது ஏனென்றே புரியவில்லை. "மூச்சு முட்டப் போவுது" என்று துணியை எடுத்துவிடுவாள். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஏரிக்கரைப் பக்கத்துக் கதவைத் திறந்து வைப்பாள். அன்பில்லாமல் அல்ல. குழந்தையைக் கையைவிட்டு இறக்காதவள் அவள். ஒருநாள் காலையிலும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டேதான் இருந்தாள். என் அம்மா எதற்கோ அங்கே போனவள் குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு அலறினாள். குழந்தை பால் குடிக்கவில்லை, அழவில்லை. துவண்டு கிடந்தது. "சமத்தா தூங்குது" என்று பெற்றவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா தன் ரவிக்கையை அவிழ்த்துக் குழந்தையை நெஞ்சோடு ஒட்டவைத்து மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டாள். அப்படியே படகில் ஏறினோம். படகு அக்கரை சேரும்வரை அவள் என் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. "எனக்கு இன்னாத்துக்குத் தெரியல? கையிலதான வச்சினு இருந்தேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தை பிழைத்தது. அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. முதலில் கோபமாகத்தான் கேட்டாள். "பெத்த தாய்தானே நீ? குழந்தை இப்படி ஜில்லிட்டுக் கிடக்குது, தொட்டா தெரியாதா?"

"தெரியலீங்க டாக்டரம்மா. தொட்டுகினேதான் இருந்தேன்."

நான் இடையில் புகுந்து ஐஸ் கட்டி, பெப்பர்மிண்ட், பறிக்கயிறு எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரம்மாவின் கோபம் இறங்கியது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவள் மணிக்கட்டில் தடவினாள். "எப்படி இருக்கு?" "ஈரமா கீது." அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தோலுக்கு அடியில நரம்போட நுனி இருக்குல்ல, அதுல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல் இருக்கும்மா. குளிர் பட்டா அதுக்குன்னு இருக்கிற வாசல் திறக்கும். வெளிய இருக்கிற உப்பு உள்ள பாயும். அந்தப் பாய்ச்சல்தான் சேதி. அது நரம்பு வழியா மூளைக்குப் போகும். மூளை உடனே தோலுக்கு ஓடுற ரத்தத்தைக் குறைச்சு, சூட்டை உள்ளேயே வச்சுக்கும். அதுவும் போதலைன்னா நடுங்கச் சொல்லும். நடுங்கினா சதையில சூடு உண்டாகும். நாய், பூனை, எலி, நாம, எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். புதினா அந்த வாசலை ஏமாத்தித் திறந்துடும். அதான் மிட்டாய் தின்னா குளிராமலே குளிருது. உனக்கு அந்த வாசல் திறக்கலையோ என்னவோ. பெரிய இடத்துல சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நம்ம மொகத்துவாரம் மாரிடி. மண்ணு மூடிகிச்சுன்னா கடல்ல இன்னா நடந்தாலும் ஏரிக்குத் தெரியாதுல்ல?"

டாக்டரம்மாவுக்கு முகத்துவாரம் என்றால் என்ன என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடலும் ஏரியும் சேரும் வாய், அது திறந்திருந்தால்தான் உப்புத் தண்ணியும் இறாலும் உள்ளே வரும் என்றேன். "அதேதான்" என்றாள் டாக்டரம்மா. பிறகு அவளைப் பார்த்து, "இது வரம் இல்லம்மா. உடம்புக்குள்ள ஆழத்துல இன்னொரு காவல் இருக்கு. ஆனா அது லேட்டாத்தான் முழிக்கும். தோல் சேதி சொல்லலேன்னா நீ தண்ணியில நின்னுக்கிட்டே சூட்டை இழந்துட்டிருப்ப. உனக்கே தெரியாது" என்றாள்.

தன்னைப் பற்றிச் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "கொயந்தைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"குழந்தைக்கு எப்படின்னு வளர்ந்தாத்தான் தெரியும். பச்சைக் குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. அம்மாதான் அதுக்கும் சேர்த்துத் தெரிஞ்சுக்கணும்."

ஊருக்குத் திரும்பிய பிறகு குளுராவது மண்ணாவது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். "தொட்டுப் பாரேன். குளுருதா பாரேன்." என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. கம்பிக்கு நடுவே ஒரு குட்டிப் பாதம் உள்ளே நீளும். தொட்டு, "நல்லா கதகதன்னு கீதுக்கா" என்றால் பாதம் வெளியே போகும். "கொஞ்சம் சில்லுன்னு கீது" என்றால் போதும், துணியில் சுற்ற ஓட்டமாக ஓடுவாள். சிலர் சலித்துக்கொண்டார்கள். "பெத்தவளுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிஞ்சுடப் போவுது" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை, குழந்தையை அடுத்த வீட்டில் காட்டினாள். இடுப்பில் கை வைத்துப் பேசுகிறவள் அப்படிக் கெஞ்சிக்கொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் நான் குனிந்து மிஷினை மிதித்தேன்.

குழந்தைக்கு நடக்க வந்த பிறகு ஒருநாள். மழையில் ஆடிவிட்டு வந்த பெண்ணைத் துடைக்க உட்கார்ந்தவள், துணியைக் கீழே போட்டுவிட்டுப் பெண்ணை அம்மணமாகத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள்.

"நடுங்குறாடி! ஏய், இங்க வந்து பாருங்கடி, என் பொண்ணு நடுங்குறா!"

குழந்தையின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கை முழுக்கப் பூனைமுடி சிலிர்த்து நின்றது. இவள் அந்தக் கையைப் பிடித்து எல்லாருக்கும் காட்டுகிறாள், சிரிக்கிறாள், அழுகிறாள். பெண்ணுக்கு வாசல் திறந்துவிட்டது. "மொதல்ல தொடைச்சு வுடுடி பைத்தியக்காரி!" என்று என் அம்மா கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

ஆனால் ஏரிக்குப் போவதை அவள் விடவில்லை. ஏற்றுமதிக் கம்பெனியில் நண்டு உடைக்கப் போயேன் என்றேன், வலை பின்னேன் என்றேன். "அதுல வர்றதை வச்சு பொண்ணை எங்க படிக்க வைக்கிறது? ஏரி ஒண்ணுதான் எனக்குத் தெரியும்" என்றாள். சரி, கடிகாரம் பார்த்துக் கரையேறு என்றேன். "கடியாரத்துக்குக் காத்து தெரியுமா? ஒருநாள் மாரியா இன்னொரு நாள் கீது?" என்றாள். அதுவும் நியாயம்தான். வாடை பலமாக அடிக்கும் நாளில் பாதி நேரத்திலேயே உடம்பு விறைத்துவிடும். மற்றப் பெண்கள் தங்கள் கயிறு நழுவும்போது அவளையும் கூப்பிடுவார்கள். "இன்னும் கொஞ்சம்" என்று தலையை ஆட்டுவாள். கையில் இறால் தட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்போது, தனக்குத் தெரியாத ஒரு குளிருக்காக எவள்தான் எழுந்து வருவாள்?

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், லீவு நாளில் கூடவே கூட்டிப் போய்க் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்தாள். பெண் நடுங்கத் தொடங்கினால், "எம்மோவ்!" என்று கத்த வேண்டும். அந்தக் குரலுக்கு மட்டும் அவள் இன்னும் கொஞ்சம் என்று சொன்னதில்லை. பறியை விட்டுவிட்டுக்கூட ஓடி வருவாள். தன் உடம்புக்காக எழுந்து வராதவள் பெண்ணின் உடம்புக்காக எழுந்து வந்தாள். பார்த்தவர்களுக்கு அது தாய்ப்பாசமாகத் தெரிந்தது. பாசம்தான். ஆனாலும் எனக்கு என்னவோ போல இருந்தது. அதற்குள் நான் சுண்ணாம்புக்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தேன். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு வரும்போதுதான் இதையெல்லாம் பார்ப்பது.

போன வருஷத்து மார்கழியில் அவள் புருஷன் கும்மிடிப்பூண்டியிலிருந்து பெண்ணுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தான். சிவப்பு, முன்னால் இரண்டு பை. தண்ணீருக்குள் நிற்காதே, கரையில் உட்கார் என்றும் சொல்லியிருந்தான். தகப்பன் செய்ததில் என்ன தப்பு? "நைனா வாங்கியாந்தது" என்று பெண் அதைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் கடலை. காற்று பலமாக இருந்த நாள். மற்றப் பெண்கள் சீக்கிரமே கரையேறி, சுள்ளியைக் கொளுத்திக்கொண்டு, அவளைக் கூப்பிட்டார்கள். அவள் தலையைத் திருப்பிப் பெண்ணைப் பார்த்தாள். பெண் சிரித்துக்கொண்டு கடலை கொறித்துக்கொண்டிருந்தது. நடுங்கவில்லை. அவள் மறுபடியும் குனிந்துவிட்டாள்.

என் அம்மா கரையிலிருந்து பார்த்ததைச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து நின்றாளாம். பறிக்கயிறு வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு வராமல், குடித்தவள் போலத் தள்ளாடி, ஆழத்தைப் பார்த்து நடந்தாளாம். எந்தப் பக்கம் போறே என்று கத்தினால் ஏதோ குழறினாள். நாலு பேர் பாய்ந்து போய் இழுத்து வந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதும் உடம்பில் ஒரு நடுக்கம் இல்லை. தைலத்தைப் பூசித் தேய்த்தார்கள், நெருப்பின் பக்கம் போட்டார்கள், படகில் ஏற்றினார்கள். பெண் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டே கரையில் ஓடியதாம். "நான் நடுங்கலையே, நான் நடுங்கலையே" என்று.

பிழைத்து வந்தாள். ஆனால் விரல்கள் பழையபடி வளைந்துகொடுக்கவில்லை. இனி ஏரிக்குப் போகமாட்டாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு வந்தபோது காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தூரத்தில், தண்ணீருக்கு மேல், அந்தக் கறுத்த தலை. கரையில் அவள் பெண் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மெல்லிய கவுன், கை இல்லாதது. காலைச் சுற்றித் தண்ணீர். சிவப்பு ஸ்வெட்டர் நாலாக மடிந்து அவள் அக்குளில் இருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவா இவள்?

"ஏண்டி, கையில வச்சினு நிக்கிறியே. போட்டுக்கோ. அம்மா வேணான்னு சொன்னாளா?"

"அம்மா போட்டுக்கோன்னுதான் சொல்லிச்சு." பெண் என்னைப் பார்க்கவில்லை. கண் அந்தத் தலையின் மேலேயே இருந்தது. "நான் போட்டுகினா அம்மாவுக்குக் குளுராது சித்தி."

என் சால்வைக்குள் அவளை இழுத்துக்கொள்ளக் கை நீண்டது. கைமுடி குத்திட்டு நின்ற அந்தச் சின்னத் தோளைத் தொடுவதற்கு முன்பே மடக்கிக்கொண்டேன். என் சூடும் இப்போது அவளுக்கு ஆகாது. பக்கத்தில் சும்மா நின்றேன். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தாடை மெல்ல ஆடத் தொடங்கியது. பல் தந்தியடித்தது. பெண்ணின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"எம்மோவ்!" என்று கத்தினாள்.

ஏரிக்குள் அந்தத் தலை உடனே நிமிர்ந்தது.